எந்த மழை, எந்த வெயில்? தாவர உற்பத்திக் கணக்கும் காலநிலைத் தரவும்

(புதுச்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு துண்டுகளால் ஆனது என்பது இந்த அவைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் சோழமண்டலக் கரையில் இருக்கின்றன. ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில். மாஹே அரபிக் கடலோரம், கேரளத்துக்கு நடுவில். மாஹேயில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நாம் கூடியிருக்கும் இந்த ஊரில் சுமார் 1,300 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில். சட்டப்பேரவை ஒன்று, பருவக்காற்று இரண்டு. இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, இதுதான் புதுச்சேரியின் மழை என்று ஒரு கணினியிடம் கொடுத்தால், அந்தச் சராசரி மழை பெய்யும் ஊர் எங்குமே இருக்காது. கணினி அதைக் கேள்வி கேட்காது. அந்த மழைக்கு எவ்வளவு இலை துளிர்க்கும், எவ்வளவு மரம் பருக்கும் என்று தசமப் புள்ளி வரை கணக்கிட்டுத் தந்துவிடும்.

அப்படிப்பட்ட கணக்குகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பன் முழுவதையும் மொத்த முதன்மை உற்பத்தி என்கிறோம். தாம் சுவாசித்துச் செலவழித்தது போக, இலையாகவும் தண்டாகவும் வேராகவும் சேர்வது நிகர முதன்மை உற்பத்தி. உலக நிலப்பரப்பு முழுவதிலும் மொத்த உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பன் என்பது பரவலாகப் புழங்கும் மதிப்பீடு. இதை எவரும் எடைபோட்டுப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. செயற்கைக்கோள் காட்டும் பசுமையையும் காலநிலைத் தரவையும் சமன்பாடுகளில் இட்டுத்தான் இந்த எண் பிறக்கிறது. அந்தச் சமன்பாடுகளின் தொகுப்பைத்தான் கணினி மாதிரி என்கிறோம்.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். தாவர உற்பத்தி பற்றி ஒரு மாதிரி தரும் எண், தாவரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், தனக்குக் கொடுக்கப்பட்ட மழையையும் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒளியையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே அந்த எண்ணை வாங்குகிறவர் மாதிரியின் பெயரைக் கேட்பதற்கு முன் தரவின் பெயரைக் கேட்கவேண்டும். இது ஆய்வாளர்களுக்குள் முடிந்துபோகும் வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காட்டுக்குக் கார்பன் விலை பேசுவதற்கும், பயிர் இழப்பை மதிப்பிடுவதற்கும், ஒரு நிலத்தை வளமிழந்தது என்று முத்திரை குத்துவதற்கும் இத்தகைய எண்கள் பயன்படுகின்றன. எண் பிழைத்தால் அந்த நிலத்தை நம்பி வாழ்கிறவர்தான் விலை கொடுக்கிறார்.

இதைப் பேசுவதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் தென்னாட்டில் இல்லை என்பேன். 1955இல் இங்கே தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தில், சமஸ்கிருதச் சுவடிகளையும் தமிழ் இலக்கியத்தையும் ஆராய்ந்தவர்களுக்குப் பக்கத்து அறைகளிலேயே இந்தியாவின் காடுகளை வரைபடமாக்கியவர்களும் இருந்தார்கள். துலூஸ் நகரின் ஆன்றி கோசென் வகுத்த முறைப்படி, அவரும் லெக்ரி, வியார் என்ற ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய தாவரப் படவரிசையின் கன்னியாகுமரித் தாள் 1961இல் வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவையில் அமைந்த அந்தத் தாளில் காட்டின் வகையோடு காலநிலையும் சேர்த்தே காட்டப்பட்டது. பஞ்ஞூல், கோசென் இருவரும் 1953இல் முன்வைத்த விதி எளிமையானது: ஒரு மாதத்தின் மழை மில்லிமீட்டரில், அதன் சராசரி வெப்பத்தின் செல்சியஸ் எண்ணைப் போல இரு மடங்குக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம். 28 டிகிரி மாதத்துக்கு 56 மி.மீ. மழை வேண்டும். கால்குலேட்டர்கூடத் தேவையில்லை, ஆனால் மழைமானியும் வெப்பமானியும் நேர்மையாகப் படிக்கப்பட்டிருக்கவேண்டும். வி. எம். மெஹர்-ஹோம்ஜி இந்த ஊரில் இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் செய்த உயிர்க்காலநிலை ஆய்வுகளும், ழான் பியேர் பஸ்கால் 1982இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் தந்த உயிர்க்காலநிலைப் படங்களும் அந்த நேர்மையின் மேல்தான் நின்றன. அவர்களுக்குப் பின் கணினி வந்தது. வேகம் பன்மடங்கு கூடியது. தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

1. ஆண்டு மழை என்ற ஒற்றை எண்

தாவர உற்பத்தியைக் காலநிலையிலிருந்து கணக்கிடும் முயற்சிகளில் பழமையானதும் இன்றும் பாடமாக உள்ளதும் ஜெர்மானியரான ஹெல்முட் லீத் 1970களின் தொடக்கத்தில் தந்த மயாமி மாதிரி. அதற்கு வேண்டியவை இரண்டே எண்கள்: ஆண்டின் சராசரி வெப்பம், ஆண்டின் மொத்த மழை. இரண்டிலிருந்தும் தனித்தனியே உற்பத்தியைக் கணக்கிட்டு, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு 28 டிகிரி என்று வைத்தால், வெப்பத்தின் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,650 கிராம் உலர்பொருள் வருகிறது. 1,300 மி.மீ. மழையின் கணக்கிலோ 1,735 கிராம்தான். ஆகவே இங்கே மழைதான் கடிவாளம். மாஹேக்குப் போட்டால் 3,000 மி.மீ. மழை 2,590 கிராம் தருகிறது; ஏறக்குறைய வெப்பம் தரும் எண்ணும் அதே அளவுதான். அங்கே மழைத்தரவில் 200 மி.மீ. பிழை இருந்தாலும் விடை அசைவது சொற்பம். இங்கே ஒரு தரவுத்தொகுப்பு 1,200 என்றும் இன்னொன்று 1,400 என்றும் சொன்னால் உற்பத்தி 1,650க்கும் 1,815க்கும் இடையில் ஊசலாடும். பத்து விழுக்காட்டு வேறுபாடு. இலை ஒன்றுகூட மாறவில்லை. தரவுப் பிழை எங்கே எவ்வளவு உறைக்கும் என்பதை அந்த ஊரின் காலநிலையே தீர்மானிக்கிறது. ஈரமான ஊரில் மன்னிக்கப்படும் பிழை வறண்ட கரையில் மன்னிக்கப்படுவதில்லை.

அளவைவிடப் பெரிய சிக்கல் காலம். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையேறியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். அந்தத் தண்ணீரில் எவ்வளவு வேர்களுக்குப் போயிற்று? தெருக்களில் படகு விட்டு மக்களை மீட்டோம். மிச்சம் கடலுக்குப் போயிற்று. ஆண்டு மொத்தத்தை மட்டும் அறிந்த மாதிரிக்கு இந்த 460 மி.மீ. முழுவதும் பயிர் குடித்த நீர். ஒரு வாதத்துக்காக, 1,300இல் அந்த 460ஐயும் முற்றிலும் ஓடிப்போனதாகக் கழித்துவிட்டுக் கணக்கிட்டேன். 1,735 கிராம் 1,280 ஆகச் சுருங்குகிறது. கால்வாசி உற்பத்தி ஒரே நாளின் கணக்கில் தொங்குகிறது.

இதற்கு மாற்றாக அன்றாட மழையை எடுத்துக்கொள்ளும் மாதிரிகள் வந்துவிட்டன. மண்ணில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு ஓடும் என்று அவை கணக்கிடுகின்றன. நல்லதுதான். ஆனால் அன்றாடத் தரவு இல்லாத இடங்களில் மாத மொத்தத்தை நாட்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் செயற்கை வழிமுறைகளை நாடுகிறார்கள். ஒரு நவம்பரின் மழையை இருபது மிதமான நாட்களுக்குப் பகிர்ந்தால் மண் நிறைந்து கதிர் பிடிக்கும். அதே மழை மூன்று நாளில் கொட்டினால் வேர் அழுகும். வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்பதை அறிந்தவர் எவரும் முதல் கணக்கை ஏற்கமாட்டார்.

2. காற்றின் தாகம்

செயற்கைக்கோளை அடிப்படையாகக் கொண்ட கணக்குகளுக்கு வருவோம். பிரித்தானிய விஞ்ஞானி ஜான் மாண்டீத் 1970களில் ஒரு கருத்தைத் தந்தார்: இலை உறிஞ்சும் ஒளிக்கும் அது சேர்க்கும் உடற்பொருளுக்கும் ஏறக்குறைய நேர்விகித உறவு உண்டு. நாசாவின் மோடிஸ் கருவியிலிருந்து உலகம் முழுவதற்கும் வெளியிடப்படும் உற்பத்திப் படங்கள் இந்தக் கருத்தின் மேல் கட்டப்பட்டவை. பசுமை எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்கிறது. ஒளி எவ்வளவு வந்தது என்பதையும், அதை எவ்வளவு திறமையாக இலை பயன்படுத்தியது என்பதையும் வானிலைத் தரவு சொல்கிறது. திறமையைக் குறைக்கும் காரணிகள் இரண்டு: இரவின் குளிர், பகலின் வறட்சி.

பசுமைமாறா அகலிலைக் காடுகளுக்கு மோடிஸ் கணக்கின் தாவரவகை அட்டவணையில் உள்ள குளிர் வரம்பு சுமார் 9 டிகிரி. அதற்கு மேல் குளிரால் பாதிப்பில்லை. புதுச்சேரியில் மார்கழி விடியற்காலையிலும் 9 டிகிரிக்கு இறங்குவதில்லை. ஆகவே இங்கே குளிர் என்ற காரணி செயல்படுவதே இல்லை. பாரம் முழுவதும் வறட்சியின் மேல் விழுகிறது. அதையும் மழையைக் கொண்டு அளப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வழிமுறையில் மழை நேரடியாக நுழைவதே கிடையாது. காற்றில் இருக்கும் நீராவிக்கும், அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவிக்கும் உள்ள இடைவெளியை, அதாவது நீராவிப் பற்றாக்குறையைக் கொண்டுதான் வறட்சி அளக்கப்படுகிறது. அது 800 பாஸ்கலுக்குள் இருந்தால் மரம் முழுத்திறனில் இயங்கும். 3,100ஐத் தொட்டால் இலைத்துளைகள் மூடி உற்பத்தி நின்றுவிடும். இடையில் நேர்கோட்டுச் சரிவு.

இப்போது ஒரு மே மாதப் பகலை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு. பற்றாக்குறை சுமார் 2,800 பாஸ்கல். மரத்தின் திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. காற்றில் அதே அளவு நீராவி. வெப்பம் மட்டும் 33 டிகிரி என்று வையுங்கள். பற்றாக்குறை 2,220க்கு இறங்குகிறது. திறன் ஐந்தில் இரண்டு பங்குக்கு ஏறுகிறது. இரண்டு டிகிரி வேறுபாட்டில் உற்பத்தி மும்மடங்கு. பாலை நிலத்தையும் பனி நிலத்தையும் ஒப்பிடவில்லை நாம். கடற்கரைச் சாலைக்கும் உள்ளே தள்ளியிருக்கும் வில்லியனூருக்கும் நடுவில் ஒரு பிற்பகலில் ஏற்படக்கூடிய வேறுபாடுதான் இது.

நம் கரையில் கோடைப் பகலின் விதியை எழுதுவது கடற்காற்று. கச்சான் என்னும் மேற்குக் காற்று ஓங்கிய நாளில் கடற்காற்று தாமதமாக ஏறும். சில நாள் ஏறவே ஏறாது. நண்பகலுக்கு முன்பே ஏறிவிட்டால் வெப்பம் தணிந்து ஈரம் கூடும். கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் கதை வேறு. மோடிஸ் உற்பத்திக் கணக்குக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட வானிலைத் தரவின் ஒரு கட்டம் ஒரு டிகிரிக்கு ஒன்றே கால் டிகிரி. நூறு கிலோமீட்டருக்கும் மேல். பிற்பாடு வந்தது ஏறக்குறைய அரை டிகிரி. பக்கத்துக் கட்டங்களோடு இழைத்து மிருதுவாக்கிக் கொடுக்கிறார்கள். இழைப்பதால் புதிய தகவல் பிறப்பதில்லை. புதுச்சேரி விழும் அரை டிகிரிக் கட்டத்தில் கடலும் இருக்கிறது, விழுப்புரம் பக்கத்துச் செம்மண் மேடும் இருக்கிறது. கடற்காற்று அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகிறது. ஆனால் இறுதிப் படம் 500 மீட்டர் நுணுக்கத்தில் அச்சாகி நம் கைக்கு வருகிறது. பார்ப்பவர் ஒவ்வொரு தோப்பும் தனித்தனியே அளக்கப்பட்டதாக நம்பிவிடுகிறார்.

இந்தப் பிழையின் அளவைப் பொறுப்போடு ஆராய்ந்தவர்கள் அந்தப் படங்களை உருவாக்கியவர்களேதான் என்பதை மரியாதையுடன் சொல்லவேண்டும். மாவோஷெங் ஜாவ், ஸ்டீவன் ரன்னிங், ராமகிருஷ்ண நேமானி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அதே மாதிரியை மூன்று வெவ்வேறு வானிலைத் தொகுப்புகளைக் கொண்டு ஓட்டிப்பார்த்தார்கள்: நாசாவுடையது ஒன்று, அமெரிக்க வானிலைத் துறையின் என்செப் ஒன்று, ஐரோப்பிய மையத்தினுடையது ஒன்று. மாதிரியின் சமன்பாடுகள் அவையே. செயற்கைக்கோள் காட்டிய பசுமையும் அதுவே. உலகக் கூட்டுத்தொகை ஆண்டுக்கு 2,000 கோடி டன் கார்பனுக்கு மேல் வேறுபட்டது. என்செப் தொகுப்பு வெப்பத்தையும் நீராவிப் பற்றாக்குறையையும் குறைத்துக் காட்டி, வெயிலைக் கூட்டிக் காட்டியது. ஆகவே அதில் உற்பத்தி மிக அதிகம். ஐரோப்பியத் தொகுப்பு மிகக் குறைவு. பற்றாக்குறையில் உள்ள பெரும்பிழைகளுக்கு வெப்பத்தின் பிழையே முதன்மைக் காரணம் என்றும் கண்டார்கள். நான் இப்போது போட்டுக்காட்டிய இரண்டு டிகிரிக் கணக்கு உலக அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே விடை.

3. வெயில்

ஒளியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; இந்த ஊர் அந்தப் பாடத்தை 1769இலேயே படித்தது. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி புதுச்சேரியில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாக இருந்தது. ஜூன் 4ஆம் தேதி காலை, வேண்டிய அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. சராசரியின்படி அவர் வெற்றி பெற்றிருக்கவேண்டும்.

தாவரத்துக்கும் இதே நிலைதான். மழைமானி உள்ள இடங்களோடு ஒப்பிட்டால் கதிர்வீச்சை நேரடியாக அளக்கும் நிலையங்கள் மிகச் சில. மற்ற இடங்களில், கண்ணாடிக் கோளத்தின் வழியே வெயில் அட்டையில் எரித்த கோட்டின் நீளத்திலிருந்து ஒளிநேரத்தைக் கண்டு, அதிலிருந்து சூத்திரத்தால் கதிர்வீச்சைக் கணித்தார்கள். பழைய வானிலைப் பதிவுகளைக் கணினி மாதிரியோடு இணைத்துத் தயாரிக்கும் மறுபகுப்பாய்வுத் தொகுப்புகளிலோ மேகத்தையே கணினிதான் உருவாக்குகிறது. இதில் நம் கரைக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. இங்கே நீர் கிடைக்கும் மாதங்களில் வானம் மூடியிருக்கிறது. வெயில் காயும் மாதங்களில் மண் காய்ந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் குறுகிய காலம் மார்கழிக் கடைசியும் தையும். சம்பா முற்றுவதும் அப்போதுதான். கோசென் விதிப்படி ஜனவரி வறண்ட மாதம். ஆனால் மண்ணுக்குள் கார்த்திகையின் நீர் இன்னும் இருக்கிறது. அந்த ஆறேழு வாரங்களின் மேகத்தைத் தவறாகக் கணித்த தொகுப்பு, ஆண்டுச் சராசரி வெயிலைச் சரியாகச் சொல்லியும் ஆண்டு உற்பத்தியைத் தவறாகச் சொல்லும்.

4. பெய்த நீரும் வேர் கண்ட நீரும்

பாகூர் கொம்யூனுக்குப் போவோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி. பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அது சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிகிறது. தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து, சாத்தனூர் அணையில் தேங்கி வருகிறது. பாகூர் வயலின் பசுமைக்கு எந்தக் கட்டத்தின் மழையைக் கொடுப்பீர்கள்? பாகூரின் மழை சரியாக அளக்கப்பட்டிருந்தாலும் அது பாதிக் கதைதான். மீதிக் கதை மேற்கே வெகுதொலைவில் தென்மேற்குப் பருவத்தில் பெய்தது. அதற்கும் மேல் நிலத்தடி நீர் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் தானாகப் பொங்கிய ஆர்ட்டீசியன் கிணறுகளுக்குப் பெயர்பெற்ற மண் இது. இன்று ஆழ்குழாய்க் கிணறுகள் வைகாசி வெயிலிலும் கரும்பைப் பச்சையாக வைத்திருக்கின்றன; கரையோரம் உப்புநீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

மழையிலிருந்து உற்பத்தியைக் கணக்கிடும் மாதிரி இந்த வயலை வறண்டதாகக் காட்டிவிடும். பசுமையிலிருந்து கணக்கிடும் மாதிரி உற்பத்தியைக் காண்கிறது; காரணத்தைக் காணவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டால் பம்புசெட்டு வெளிப்படும். அப்படிக் கேட்காமல், பசுமை கூடிய பாங்கைக் காலநிலையின் கொடை என்று எழுதிவிடும் கட்டுரைகள் எனக்குக் கவலையளிக்கின்றன. 2000 முதல் 2017 வரை உலகில் பசுமை கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தியாவின் பங்கில் 82 விழுக்காடு பயிர்நிலத்திலிருந்து வந்தது. காடுகளின் பங்கு ஐந்து விழுக்காடுகூட இல்லை. அந்தப் பசுமையின் பின்னால் டீசலும் மின்சாரமும் உரமும் இறங்கிக்கொண்டேபோகும் நீர்மட்டமும் இருக்கின்றன. இவை எந்தக் காலநிலைத் தரவிலும் இல்லை.

இதற்கு நேர்எதிரான காட்சியைக் காணக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகவேண்டும். புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு உங்களில் பலர் பார்த்தது. வீரை, காசான், உலக்கைப்பாலை என்று இலை உதிர்க்காத மரங்கள். வறண்ட பசுமைமாறாக் காடு என்று 1968இல் சாம்பியனும் சேத்தும் தனி வகையாகவே பட்டியலிட்ட காடு. ஐந்தாறு மாதம் மழையில்லாத கரையில் இலையைத் தாங்கி நிற்கும் இந்த மரங்களின் வாழ்முறை, உலக மாதிரிகளின் அட்டவணையில் எந்த வரிசையிலும் சரியாக அடங்குவதில்லை. பசுமைமாறாக் காடு என்ற வரிசை அமேசானையும் காங்கோவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன்படி கோடைப் பகலில் இந்த மரங்கள் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்யவேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் இக்கோயில் காடுகளில் ஆண்டுக்கணக்கில் மரங்களை எண்ணி, சுற்றளவு எடுத்து, உதிர்ந்த சருகை எடைபோட்டிருக்கிறார்கள். மாதிரியின் அட்டவணையைத் திருத்த உதவக்கூடிய சான்று அப்படிப்பட்ட உழைப்பில்தான் இருக்கிறது. சில ஹெக்டேர் காடு, சுற்றிலும் முந்திரியும் சவுக்கும். 500 மீட்டர் புள்ளிக்குள் எல்லாம் கலந்துவிடும். பசுமையும் கலப்படம், வானிலையும் கலப்படம், மரத்தின் குணமும் வேறொரு கண்டத்தினுடையது. இத்தனைக்கும் பிறகு வரும் எண்ணை வைத்து, இந்தக் காடு அதிகம் கார்பன் சேர்ப்பதில்லை, பக்கத்துச் சவுக்குத் தோப்பே மேல் என்று நாளை ஒருவர் எழுதினால், அதை மறுக்க நம் கையில் அளவீடு இருக்கவேண்டும்.

5. ஏற்றமும் இறக்கமும்

கடைசியாகக் காலப்போக்கு. ஜாவும் ரன்னிங்கும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, 2000 முதல் 2009 வரை உலக நிகர உற்பத்தி 55 கோடி டன் கார்பன் குறைந்தது என்றும், வறட்சியே காரணம் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே அதே இதழில் மறுப்புகள் வந்தன. வெப்பம் கூடினால் உற்பத்தி குறையும் என்று மாதிரிக்குள் முன்னமே எழுதிவைத்த உறவுதான் விடையாகத் திரும்பி வந்திருக்கிறது என்பது வாதத்தின் சாரம். 55 கோடி டன் இறக்கத்தையும், தரவை மாற்றினால் வரும் 2,000 கோடி டன் வேறுபாட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நிலையான பிழை காலப்போக்கைக் கெடுக்காது என்று சொல்வார்கள், அது உண்மை. ஒரு தொகுப்பு எப்போதும் இரண்டு டிகிரி கூட்டியே சொன்னால் ஏற்ற இறக்கம் ஓரளவு தப்பிக்கும். ஆனால் பிழை நிலையாக இருப்பதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் டிகிரி மழைத்தொகுப்பு, 1901 முதல் 2010 வரையிலான 6,955 நிலையங்களின் பதிவுகளிலிருந்து உருவானது. நாட்டுக்குக் கிடைத்த அரிய சொத்து அது. அந்த நிலையங்கள் எல்லாம் எல்லா ஆண்டும் இயங்கியவையல்ல. ஒரு தாலுகாவில் மழைமானி வந்த ஆண்டும் போன ஆண்டும் மழையின் ஏற்ற இறக்கமாகவே மாதிரிக்குத் தோன்றும்; அது தாவரத்தின் ஏற்ற இறக்கமாக வெளியே வரும். மறுபகுப்பாய்வுத் தொகுப்புகளிலும் புதிய செயற்கைக்கோள் சேரும்போதெல்லாம் இப்படிப்பட்ட தையல்கள் விழுகின்றன.

மாணவர்களிடம் இதனால் நான் கேட்பது: தாவர உற்பத்தி பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்கள் மூன்று காலநிலைத் தொகுப்புகளையாவது கொண்டு மாதிரியை ஓட்டுங்கள். மூன்று விடைகளையும் அச்சிடுங்கள். அவற்றின் சராசரியை மட்டும் தந்துவிட்டு மூன்றையும் பின்னிணைப்பில் புதைக்காதீர்கள். நெறியாளர்களும் அதை வற்புறுத்தவேண்டும். மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் துணிந்து பேசலாம். ஒத்துப்போகாத இடம்தான் கருவியைக் கொண்டுபோய் வைக்கவேண்டிய இடம். அத்தகைய இடங்களைக் காட்டும் வரைபடமே ஒரு நல்ல ஆய்வேடு.

கருவிக்கும் வழி இருக்கிறது. காட்டுக்கும் காற்றுக்கும் இடையில் கார்பன் போய்வருவதை நேரடியாக அளக்கும் கோபுரம் நமக்குத் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிறுவப்பட்டிருக்கிறது. குடகில் உப்பங்களாவில் பிரெஞ்சு நிறுவனம் 1990 வாக்கில் அமைத்த நிரந்தர ஆய்வுக்களத்தில் மரங்களின் சுற்றளவு தலைமுறை கடந்து அளக்கப்பட்டு வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நம் வறண்ட கரைக்குப் பெரிய கோபுரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புத்துப்பட்டுக் காட்டின் நிழலில் ஒன்று, வெளியே சவுக்குத் தோப்பில் ஒன்று, பாகூர் வயல்வரப்பில் ஒன்று, வில்லியனூர் மேட்டில் ஒன்று என வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சிறுகருவிகள் போதும். காட்டில் அய்யனார் கோயில் பெரியவர்களின் அனுமதியோடு ஐம்பது மரங்களுக்குச் சுற்றளவுப் பட்டை கட்டவேண்டும். கதிர்வீச்சுமானி ஒன்று நாம் கூடியிருக்கும் இந்தக் கல்லூரியின் மொட்டைமாடியிலேயே இருக்கலாம். கொம்யூனுக்கு இரண்டு மழைமானி. இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் பயணப்படிக்குள் அடங்கும். தேவைப்படுவது இரண்டு பருவமாவது விடாமல் படித்துக் குறித்துவைக்கும் ஆட்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் கருவிகளை நிறுவிவிட்டால், முதல் தையிலேயே ஒப்பிட ஏறக்குறைய மூன்று மாதத் தரவு கையில் இருக்கும். பங்குனியில் கடற்காற்று ஏறும் நாட்களையும் கச்சான் தடுக்கும் நாட்களையும் பிரித்து, கரைக்கும் மேட்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை எடுத்து, உலகத் தொகுப்புகள் அதே நாட்களுக்குச் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அந்த வேலைக்கு முன்வரும் மாணவர்கள் இன்று மாலையே துறைத்தலைவரிடம் பெயர் கொடுக்கலாம். பதிவேட்டின் மாதிரிப் படிவத்தை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.